முந்தி வந்த அழுகை

எங்க கொல்லநத்தத்துல முதல்ல அழுதது தபால்காரர் அருளப்பன்தான், அதுல யாருக்கும் சண்டை கிடையாது. ஒரு திங்கக்கிழமை காலையில, தீப்பெட்டி ஆபீஸுக்குப் போற பொம்பளைங்க வேனுக்கு நிக்கிற நேரத்துல, மனுசன் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, கையில இருந்த கடுதாசியையெல்லாம் ஒழுங்கா பைக்குள்ள வச்சு, பை வாரையும் மாட்டிட்டு, அப்புறம் நடுரோட்டுல உட்கார்ந்து அழ ஆரம்பிச்சாரு. என்னய்யான்னு கேட்டா, "தெரியலையே, அழுகை வருது, எதுக்குன்னுதான் தெரியலை"ங்கிறாரு. சோடா வாங்கிக் குடுத்தோம், வெயில் ஏறியிருக்கும்னு சொன்னோம். வியாழக்கிழமை தூத்துக்குடியில இருந்து அவங்க அண்ணன் செத்த சேதி வந்துச்சு. "ஓகோ, இதுக்குத்தானா"ன்னு சொல்லிட்டு மிச்சக் கடுதாசியைக் குடுக்கப் போயிட்டாரு. அண்ணனைத் தூக்கும்போது அவர் கண்ணுல ஒரு சொட்டு இல்லை, அழவேண்டியதைத்தான் திங்கக்கிழமையே அழுது தீர்த்துட்டாரே.

அந்த வருசம் ஐப்பசி பிறக்கிறதுக்குள்ள ஊர் பூராவும் அப்படி ஆயிருச்சு. அழுகை முதல்ல வரும், சாவு அப்புறம் வரும். சிரிப்பு முதல்ல வரும், நல்ல சேதி அப்புறம் வரும். கோபம் காலையிலேயே வந்து உட்கார்ந்திருக்கும், கோபப்பட வேண்டிய ஆளு சாயங்கால பஸ்ஸுலதான் வந்து இறங்குவான். ஏன் இப்படின்னு ஆராய்ச்சி பண்ண எங்களுக்கு நேரம் இல்லை, மழை ஏன் வரலைங்கிறதையே நாங்க இன்னும் கண்டுபிடிச்ச பாடில்லை. டீக்கடையில ஒருத்தன் பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா, "யார் மேலன்னு தெரிஞ்சுதா மாப்ளே?"ன்னு கேட்போம், "இன்னும் தெரியலை மாமா"ம்பான், டீயை அவன் பக்கத்துல வச்சுட்டு ஒதுங்கிக்கிடுவோம். எந்தக் கோபமும் எந்தச் சிரிப்பும் ஒருத்தருக்கு ரெண்டு தடவை வராது. ஒரு துக்கம் ஒரு வீட்டுல ஒரே ஒரு ஆளுக்குத்தான் முந்தி வரும், மத்தவங்க எல்லாரும் ஊர் உலகத்துல அழுற மாதிரி நடந்த பிறகுதான் அழணும்.

நான் மாடக்கண்ணு, பந்தல் கடை வச்சிருக்கேன். சாமியானா, பிளாஸ்டிக் சேர், அண்டா குண்டா, சீரியல் லைட்டு, பொணத்தை வைக்கிற ஐஸ்பெட்டி, எல்லாம் என்கிட்டதான். நல்லதுக்கும் கெட்டதுக்கும் எங்க தெருவைத் தாண்டி யாரும் போகமுடியாது. இந்தக் கூத்து ஆரம்பிச்ச பிறகு எனக்குத்தான் வேலை சுளுவாச்சுன்னு வையுங்க. ஒரு வீட்டுல காரணமில்லாத சிரிப்புச் சத்தம் கேட்டா சீரியல் லைட்டைத் தூசி தட்டி வச்சிருவேன், அழுகைச் சத்தம் கேட்டா ஐஸ்பெட்டியைக் கழுவி வெயில்ல கவுத்திருவேன். சொல்ல வெக்கமா இருக்கு, அப்ப அதை ஒரு சௌகரியமாத்தான் நினைச்சேன்.

துட்டி கேக்கிறது தெரியும்ல, சாவு வீட்டுக்குப் போய் கையைப் பிடிச்சு உட்கார்ந்துட்டு வாரது. அதையும் ஊர்க்காரங்க முந்தியே கேக்க ஆரம்பிச்சாங்க. அழுறவங்களுக்கு ஆறுதல் அழும்போதுதானே வேணும், அழுது முடிச்சவங்ககிட்டப் போய் என்ன கேக்கிறது? அதனால எந்த வீட்டுல அழுகை கிளம்புதோ அந்த வீட்டுக்கு அன்னைக்கே போயிருவாங்க. யாருக்காக அழுறாங்கன்னு தெரியாதே, அதுக்குத்தான் செல்லக்கனி மதினி. தீப்பெட்டி ஆபீஸுல மருந்து முக்குற பொம்பளை, ஒப்பாரி வைக்க நாலு ஊருக்குக் கூப்பிடுவாங்க. அவ வாசல்ல நின்னு காதைக் குடுத்தாள்னா சொல்லிருவா, இது தாலி அறுக்கிற அழுகை, இது கூடப்பிறந்தவனுக்கு அழுற அழுகை, இது பெத்த தாய்க்கு அழுறதுன்னு. ஒரு தடவை கூடத் தப்பினது கிடையாது.

அடுத்த வைகாசி ஒரு செவ்வாக்கிழமை, சோத்தை வடிக்கும்போது என் வீட்டுக்காரி பூரணத்துக்கு அழுகை வந்துச்சு.

சட்டியை விடலை அவ, கஞ்சி வடிஞ்சு முடியிற வரைக்கும் பிடிச்சுக்கிட்டே அழுதா. நான் கடையில இருந்து ஓடி வர்றதுக்குள்ள செல்லக்கனி மதினி எங்க வாசல்ல நிக்கா. எப்பவும் கேட்ட உடனே சொல்றவ அன்னைக்கு ரொம்ப நேரம் நின்னா. நான் போய், "சொல்லுங்க மதினி, எங்க அத்தைக்கா?"ன்னேன். இல்லைன்னு தலையை ஆட்டினா. பிறகு, "இது வயித்துல இருந்து வருது தம்பி, பெத்தவ அழுற அழுகை"ன்னுட்டு, முந்தானையை வாயில வச்சுக்கிட்டு விறுவிறுன்னு போயிட்டா.

எங்களுக்கு ஒத்தப் பிள்ளை. முத்தரசின்னு பேரு, பத்தொன்பது வயசு, ஆவணியில கயத்தாத்து மாப்பிள்ளைக்குப் பேசி முடிச்சு வச்சிருந்தோம். பின்கட்டுல உட்கார்ந்து கல்யாணத்துக்கு ரவிக்கைக்குக் கொக்கி தைச்சுக்கிட்டு இருந்தா. "அம்மா எதுக்குப்பா அழுதா?"ன்னு கேட்டா. "ஸ்ரீவைகுண்டத்துப் பெரியம்மாவுக்கு முடியலைல்லா, அதுக்கா இருக்கும்"னேன். வாயில வந்த பொய்யைச் சொன்னேன், வேற என்ன செய்ய?

எல்லாருக்கும் மூணு நாள்ல, மிஞ்சிப்போனா ஒரு வாரத்துல அழுகை நிக்கும். பூரணத்துக்கு நிக்கலை. தண்ணி பிடிக்கும்போது அழுதா, வாசல் தெளிக்கும்போது அழுதா, பிள்ளை தலையில எண்ணெய் வச்சுப் பின்னிவிடும்போது அழுதா, பின்னின சடை நனைஞ்சு போகும், அவிழ்த்துட்டுத் திரும்பப் பின்னுவா. என்னை ஒரு வார்த்தை கேக்கலை, நானும் அவளைக் கேக்கலை. அடுப்புல பூனை படுத்தா கூட எழுப்ப ஆளில்லாத வீடா ஆயிருச்சு.

ஊர்க்காரங்க வந்தாங்க. ஒருத்தர் பாக்கி இல்லாம வந்தாங்க, அதைச் சொல்லணும், எங்க ஊர்க்காரங்க மாதிரி நல்லவங்க கிடையாது, அந்த நல்ல குணத்தாலேயே எங்களைக் கொன்னாங்க. முத்தரசிக்கு ஒரு வீட்டுல இருந்து சீனிக்கிழங்கு வரும், ஒரு வீட்டுல இருந்து கருப்பட்டிப் பணியாரம் வரும், சின்ன வயசுல அவகூட மண்டையை உடைச்சுக்கிட்டவள் வந்து மன்னிப்புக் கேட்டுட்டுப் போறா. மேலத்தெருவுல ரெண்டு சாவு விழுந்துச்சு, ரெண்டு வீட்டுக்காரங்களும் என் கடையில ஐஸ்பெட்டி கேக்கலை, விளாத்திகுளத்துல போய் எடுத்துட்டு வந்தாங்க. ஏன்னு கேட்டதுக்கு ஒருத்தர் தரையைப் பார்த்துக்கிட்டு, "இல்ல, உங்களுக்கே தேவைப்படுமே அண்ணாச்சி"ன்னாரு.

என் மச்சினன், பூரணத்தோட தம்பி, சங்கரலிங்கம், ஒரு மஞ்சப் பையோட வந்தான். தாய்மாமன் கோடித்துணி எடுத்துப் போட்டாத்தான் எங்க பக்கம் பொணம் வாசல் தாண்டும். பையை என்கிட்டக் குடுக்க வந்தவன் குடுக்கவும் முடியாம வச்சுக்கிடவும் முடியாம, "அந்த நேரத்துல கடை திறந்திருக்குமோ என்னமோ அத்தான்"னு சொல்லிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான். முத்தரசி தண்ணி கொண்டு வந்தவ பையைப் பிரிச்சுப் பார்த்தா. பச்சைப் பட்டு, அரக்குக் கரை.

"கலர் நல்லா இருக்கு மாமா"ன்னா.

அவன் தண்ணியைக் கூட வாங்காம எழுந்திருச்சுப் போனான். போறவன் போயிட்டு வாரேன்னு சொல்லலை. துட்டி வீட்டுல யாரும் சொல்லிக்கிட்டுப் போகக்கூடாதுல்லா, அதான் வழக்கம், பேசாம எழுந்திருச்சு நடையைக் கட்டணும்.

அன்னைக்குச் சாயங்காலம் பிள்ளை என் பக்கத்துல வந்து உட்கார்ந்தா. "ஏம்ப்பா, பதினஞ்சு நாளா நம்ம வீட்டுக்கு வர்றவங்க யாருமே போயிட்டு வாரேன்னு சொல்ல மாட்டேங்காங்களே. கயத்தாத்துக்காரங்களும் சொல்லிக்கிடாமத்தான் போனாங்க. நான்தானப்பா அது?"ன்னு கேட்டா.

பெத்த தகப்பன் இருந்து என்ன பிரயோசனம். அவ என் கையை எடுத்துத் தன் மடியில வச்சுக்கிட்டு, "எப்பன்னு மட்டும் தெரிஞ்சா நல்லாருக்கும், சும்மா உட்கார்ந்திருக்கத்தான் ஒரு மாதிரியா இருக்கு"ன்னா.

மறுநாள் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன். நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளை, ஜாஸ்மின்னு பேரு, எங்க ஊருக்கு வந்து ரெண்டு வருசம் ஆச்சு, அந்தம்மாவுக்கும் எங்க ஊர்த் தண்ணி ஒட்டிக்கிட்டுது. பிரஷர் மாத்திரை எழுதிக்கிட்டே கலகலன்னு சிரிப்பாங்க, சாயங்காலம் தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்த போன் வரும். அவங்ககிட்ட, "இந்த அழுகை எங்க உருவாகுதும்மா, இதை நிப்பாட்ட ஊசி ஏதும் இருக்கா?"ன்னு கேட்டேன்.

"ஊசி இல்லை அண்ணாச்சி"ன்னாங்க. "மூளை மண்டைக்குள்ள கும்மிருட்டுல உட்கார்ந்திருக்கு. வெளியே என்ன நடக்குதுன்னு அதுக்கு நேரடியாத் தெரியாது. நெஞ்சு படபடங்குது, வயிறு புரளுது, தொண்டை அடைக்குதுன்னு உடம்புல இருந்து சேதி மட்டும் போகும். அதை வச்சுக்கிட்டு அதுவா ஒரு முடிவுக்கு வரும், இது பயம், இது துக்கம், இது சந்தோசம்னு. பழசையெல்லாம் கிளறி, அடுத்து என்ன வரப்போகுதுன்னு ஒரு ஊகம் கட்டி, அந்த ஊகத்தைத்தான் நாம அழுறோம், சிரிக்கிறோம். எல்லா ஊர்லயும் மூளை முந்தித்தான் போகுது, உங்க ஊர்ல கொஞ்சம் அதிகமா முந்திருது, அவ்வளவுதான்."

"அப்ப காரணம்?"

"காரணத்தை அது பிறகுதான் தேடி ஒட்டும். ஒண்ணு கிடைச்சாப் போதும் அதுக்கு. சரியான காரணமா தப்பான காரணமான்னெல்லாம் அது பார்க்காது."

வீட்டுக்குத் திரும்பி நடந்தவன் கண்மாய்க்கரையில உட்கார்ந்துட்டேன். ஒண்ணு கிடைச்சாப் போதும்னா, அந்த ஒண்ணை நானே குடுத்தா என்ன? பெத்தவ பிள்ளையைப் பறிகுடுக்கணும், அதுதானே கேக்குது இந்த அழுகை. சாவுதான் வந்து பறிக்கணும்னு எங்க எழுதியிருக்கு? நான் பறிச்சாலும் பறிகுடுத்ததுதானே. அப்படி ஒரு புத்தி வந்துச்சு எனக்கு. அது புத்தியா கிறுக்கான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

டாக்டரம்மாகிட்டத் திரும்பப் போய், பிள்ளையைத் தூரமா அனுப்ப ஒரு இடம் கிடைக்குமான்னு கேட்டேன். வடக்க எங்கேயோ அவங்க கூடப் படிச்சவங்க ஆஸ்பத்திரி நடத்துறாங்களாம், தங்குறதுக்கு இடம் குடுத்து வேலையும் கத்துக்குடுப்பாங்களாம். "எந்த ஊர்னா..."ன்னு ஆரம்பிச்சாங்க. காதைப் பொத்திக்கிட்டேன். எனக்குத் தெரியக்கூடாது, தெரிஞ்சா அது பறிகுடுத்தது ஆகாது. பிள்ளைக்கு ஒரு சீட்டுல எழுதி, கவர்ல போட்டு ஒட்டிக் குடுங்கன்னு சொல்லிட்டேன்.

நாப்பத்தியோராம் நாள், ஞாயித்துக்கிழமை பத்து மணி வாக்குல, பூரணம் முருங்கைக்கீரை உருவிக்கிட்டு அழுதுக்கிட்டு இருந்தா. நானும் பிள்ளையும் கோயிலுக்குப் போறதாச் சொல்லிட்டுக் கிளம்பினோம். மாமன் எடுத்த கோடிச் சேலையை அவளா எடுத்துக் கட்டியிருந்தா. பூரணம் அந்தச் சேலையைப் பார்த்துட்டுக் கீரைக் காம்பைக் கிள்ளிக்கிட்டே இருந்தா.

பஸ் ஸ்டாப்புல வச்சுத்தான் அந்தக் கவரைக் கையில குடுத்து எல்லாத்தையும் சொன்னேன்.

"எத்தனை நாளைக்குப்பா?"

"நாளெல்லாம் கிடையாது தாயி."

"போன் பண்ணலாமா?"

"வேண்டாம்."

"கடுதாசி?"

"அருளப்பன் கொண்டாந்து குடுப்பாரே, வேண்டாம்."

"அப்ப நான் செத்ததா வச்சுக்கிட வேண்டியதுதான்"னா.

"எங்களுக்குச் செத்துப்போ தாயி. ஆனா நீ உசுரோட இரு"ன்னேன்.

பஸ் வந்துச்சு. அவ ஏறி ஜன்னலோரமா உட்கார்ந்து என்னையே பார்த்தா. போயிட்டு வான்னு சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சொன்னேன்னா எல்லாம் கெட்டுப்போகும். அதனால திரும்பிப் பார்க்காம நடந்தேன். பஸ் சத்தம் கேக்காமப் போன பிறகு ரோட்டோரத்துல புளியமரத்தைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன், நடந்ததுக்குப் பிறகு அழுற அழுகை எப்படி இருக்கும்கிறது எனக்கே மறந்து போயிருந்துச்சு, ஈரக்கொலையை உருவுற மாதிரி வருது, நிப்பாட்டத் தெரியலை.

வீட்டுக்கு வந்தா பூரணம் குழாயடியில மூஞ்சி கழுவிக்கிட்டு இருக்கா. அழுகை நின்னு போச்சு. முந்தானையில துடைச்சுக்கிட்டு, "பசிக்குதுங்க"ன்னா. நாப்பத்தியொரு நாள்ல அவ வாயில இருந்து வந்த முதல் வார்த்தை அதுதான். பிள்ளை எங்கன்னு அன்னைக்கும் கேக்கலை, அதுக்குப் பிறகும் கேக்கலை.

ஊர்ல உள்ளதை உள்ளபடி சொல்லிட்டேன். டீக்கடையில இருந்த அருளப்பன், "அதுவும் ஒரு வழிதான்"னாரு. ஊர் அதைப் பிடிச்சுக்கிட்டுது. அதுக்குப் பிறகு கோபம் முந்தி வந்தவன் ஆளைத் தேடிப் போறதுக்குப் பதிலா வீட்டுல இருக்கிற பழைய பானையை உடைச்சான். தாலி அறுக்கிற அழுகை வந்த ஒருத்தி புருசனை விட்டுட்டு ஒரேயடியா தாய் வீட்டுக்குப் போயிட்டா, அந்த மனுசன் இன்னைக்கும் கல்லு மாதிரி திடமா, தானே பொங்கித் தின்னுக்கிட்டு இருக்கான். என்னைப் பார்த்தா கையெடுத்துக் கும்பிடுவான், எனக்குத்தான் அவன் மூஞ்சியைப் பார்க்க முடியாது.

அஞ்சு வருசம் போச்சு. டாக்டரம்மாவும் மாத்தலாகிப் போயிட்டாங்க. ஒரு புரட்டாசி மாசத்துல, உளுந்து புடைச்சுக்கிட்டு இருந்த பூரணத்துக்குச் சிரிப்பு வந்துச்சு.

அஞ்சு வருசமா அந்த வீட்டுல சிரிப்புன்னு ஒண்ணு கிடையாது. சுளகைக் கீழ வச்சுட்டு, காலை நீட்டி, மடியை ஆட்டி ஆட்டிச் சிரிக்கா, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிக்கா. செல்லக்கனி மதினி வாசல்ல வந்து நின்னு காதைக் குடுத்தா. "பேரப்பிள்ளையைப் பார்க்கிற சிரிப்பு தம்பி"ன்னு சொல்லிட்டு அவளும் சிரிச்சா, தெருவே சிரிச்சுது, சீரியல் லைட்டை உங்க வீட்டுலயே போட்டுக்கோங்க அண்ணாச்சின்னு ஆளாளுக்குக் கேலி பண்ணுறாங்க. எனக்கு மட்டும் சிரிப்பு வரலை.

ஏன்னா, நான் குடுத்த காரணம் அவ போனதுதானே. அவ திரும்பி வந்துட்டா அது காரணமே இல்லைன்னு ஆயிரும்ல. அப்ப அந்த நாப்பத்தியொரு நாள் அழுகை வேற காரணத்தைத் தேடிக்கிட்டு வராதா? கேட்டுக்கிட டாக்டரம்மாவும் இல்லை. மூணு நாள் பூரணம் சிரிச்சா, மூணு நாளும் நான் முதல் பஸ்ஸுல இருந்து சாயங்காலம் கடைசி பஸ் வரைக்கும் ஸ்டாப்புல போய் உட்கார்ந்திருந்தேன். கூட்டிட்டு வர உட்கார்ந்திருக்கேன்னு ஊர் நினைச்சுது.

நாலாம் நாள் பதினொன்றரை பஸ்ஸுல வந்தா. இடுப்புல பிள்ளை. கொஞ்சம் கறுத்து, கொஞ்சம் சதை போட்டு, அசல் அவங்கம்மா மாதிரி படிக்கட்டுல நிக்கா. "அப்பா"ன்னா.

நான் போய்ப் படிக்கட்டை மறிச்சு நின்னேன். "இறங்காத தாயி"ன்னேன்.

"ஒரே ஒரு தடவை அம்மாகிட்டக் காட்டிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போயிருதேன்ப்பா. அஞ்சு வருசம் நீங்க சொன்ன மாதிரியே இருந்தேன்ல."

"அம்மா சிரிச்சு முடிச்சுட்டா தாயி. மூணு நாளா சிரிச்சா, வயிறு நோவச் சிரிச்சா. இனிமே நீ நேர்ல வந்து நின்னாலும் அவளுக்குச் சிரிக்க மிச்சமில்லை. வந்து என்ன ஆகப்போகுது? உனக்கோ இதுக்கோ ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன செய்வேன்?"

அவ பிள்ளையை என் பக்கம் நீட்டினா. பிள்ளை என் தோள்ல கிடந்த துண்டைப் பிடிச்சு இழுத்துச்சு. கையை நீட்டி வாங்கியிருந்தேன்னா நான் இறக்கி விட்டிருப்பேன், அதனால வாங்கலை, துண்டை மெல்ல உருவிக்கிட்டேன். கண்டக்டர் விசில் குடுத்தான். அந்த பஸ் விளாத்திகுளம் போய்த் திரும்பி அதே ரோட்டுலதான் வரும், அது வர்ற நேரத்துக்கு நான் டீக்கடைக்குள்ள போய்ச் சுவத்தைப் பார்த்து உட்கார்ந்துக்கிட்டேன்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். பூரணம் தட்டை வச்சுச் சோறு போட்டா. குழம்பை ஊத்திக்கிட்டே, என் மூஞ்சியைப் பார்க்காம, "ஆணா, பொண்ணா?"ன்னு கேட்டா.

"பொண்ணு"ன்னேன்.

"நடக்குதா?"

"இடுப்புல இருந்துச்சு. தெரியலை."

அவ குழம்புச் சட்டியைக் கீழ வச்சு, மூடியை எடுத்து மூடினா. "இறக்கி விட்டுப் பார்த்திருக்கலாம்ல"ன்னா.